சொந்தக்காரர்களுக்கு நீல மை

எங்கள் ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. முதலாளிக்கும் எனக்கும்கூட அது சட்டென்று நினைவுக்கு வராது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருக்கிற கடை என்பதால், விண்ணப்பமும் கையுமாக நாளெல்லாம் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். வருகிறவர்கள் எல்லாரும் ‘கமா அக்கா இருக்காங்களா?’ என்றுதான் கேட்பார்கள். மரியாதை தெரிந்தவர்கள் கமா மேடம் என்பார்கள். அக்கா ஒரு தடவைகூட அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. தப்பாக எழுதினால்தான், ஒரு கமா விட்டுப்போனால்கூட, அவருக்குக் கோபம் வரும். தப்பாகக் கூப்பிட்டால் வராது.

நான் அவருக்கு இடது பக்கம், ஜெராக்ஸ் மெஷினுக்கும் ஸ்பைரல் பைண்டிங் மேசைக்கும் நடுவில் நிற்கிறவன். பதினான்கு வருடமாக நிற்கிறேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், எழுத வராது. எழுதினால் பக்கத்தில் இருக்கிற அக்கா பார்த்துவிடுவாரே என்ற பயத்திலேயே வராமல் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் எங்கே திரும்பினாலும் தப்புதான். பழக்கடைப் பலகையில் ‘ஜூஸஸ்’ என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு முன்னால் யாரோ ஒரு அப்பாஸ்ட்ரபியைத் தொங்கவிட்டிருந்தார்கள். மீன்கடைக்காரர் ‘ஃப்ரெஷ்’ என்ற சொல்லை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார். “மத்தவங்க அப்படிச் சொல்றாங்க, எனக்கு அதுல பொறுப்பில்லைன்னு அர்த்தம்” என்று அக்கா விளக்கினார். அதைக் கேட்ட நாளிலிருந்து நான் அந்தக் கடையில் மீன் வாங்குவதில்லை.

விண்ணப்பங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ‘மைசெல்ஃப்’ என்று ஆரம்பித்துத் தன் பெயரைச் சொல்கிறவர்கள், ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்று பல பேரில் ஒருவனைச் சொல்ல வந்து ஒற்றை ஆளோடு நிறுத்திக்கொள்கிறவர்கள், ‘டிட் நாட் வென்ட்’ என்று போகாத இடத்துக்கு இரண்டு முறை போகாதவர்கள். ஒருவர் ஒரு பக்கம் முழுக்க மூச்சுவிடாமல் ஒரே வாக்கியமாக எழுதிவிட்டு, விட்டுப்போன முற்றுப்புள்ளிகளை எல்லாம் சேர்த்துக் கடைசியில் நாலாக வைத்திருந்தார். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்துவார். யாரும் கேட்பதற்கு முன்பே திருத்திவிடுவார். பிறகுதான் என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்பார்.

இதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. வாடிக்கையாளர் எழுதிக்கொண்டு வந்தது என்றால் சிவப்புப் பேனா. அலுவலகத்திலிருந்து வந்த காகிதம் என்றால் பென்சில், அது மரியாதை. சொந்தக்காரர்கள் எழுதியது என்றால் நீலம். அவர்கள் எந்த நீலத்தில் எழுதினார்களோ அதே நீலம், தேவைப்பட்டால் அடியில் ஒயிட்னர். திருத்தியதே தெரியக் கூடாது. ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

“சிவப்புல போட்டா பார்க்கிறவன் சிரிப்பான்” என்றார். “நம்ம ஆளுங்க தப்பு நம்மளோட போகட்டும்.”

சிரிப்பு என்றால் அக்காவுக்கு ஆகாது. பத்தொன்பது வயதில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருக்கிறார். சேர்ந்த இரண்டாம் மாதம் அப்பா இறந்துவிட்டார். மறுநாள் விடுப்புக் கடிதம் எழுதி, உடன் வேலை செய்த பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். ‘மை ஃபாதர் இஸ் டையிங் யெஸ்டர்டே’ என்று அதில் எழுதியிருந்தார். அப்பா நேற்று இறந்துகொண்டிருக்கிறார். மேலாளர் அந்தக் கடிதத்தை நடு ஹாலில் நின்று உரக்கப் படித்தாராம். நேற்று இறந்துகொண்டிருக்கிறார் என்றால் நாளைக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டாராம். ஒரு வாரம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பியபோது ஆளாளுக்கு அதையே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று ஒருத்தர் கேட்கவில்லை. அன்று மாலை அக்கா இலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கினார். அட்டை கிழிந்து, நான் இரண்டு முறை பைண்ட் செய்து கொடுத்த பிறகும் அது இன்னும் அவர் மேசையில் இருக்கிறது.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு இருந்தார். தம்பி லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் சாலையில்தான் குடித்தனம். தம்பி மனைவிக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. அந்த வேலையோடு சேர்ந்து வந்ததுதான் மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் அவர்களுக்குக் கிடைத்த இரண்டு அறை வீடு. அக்கா, தம்பி, தம்பி மனைவி, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள், நாலு பேரும் அந்த இரண்டு அறைக்குள்தான். வேலை போனால் அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி.

தம்பி மனைவியை எனக்குத் தெரியும். மகளின் பள்ளிக் காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்க வருவாள். அதிர்ந்து பேசாதவள். ஆனால் பேனாவைக் கையில் எடுத்தால் அழுத்துகிற அழுத்தத்தில் காகிதம் பின்பக்கம் புடைத்துக்கொள்ளும். அந்தக் கையெழுத்துக்காக அக்கா அவளைக் கிண்டல் செய்வார். அவளுடைய இங்கிலீஷுக்காகச் செய்ய மாட்டார். அதைத் திருத்துவதோடு சரி.

சலவைப் பிரிவில் அவளுக்கு நீராவி மெஷின் பொறுப்பு. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற அங்கிகளையும் விரிப்புகளையும் துவைத்து மூட்டையாகக் கட்டி, பெரிய இரும்புப் பெட்டிக்குள் வைத்து நீராவியில் வேகவிடுவார்கள். உள்ளே சூடு எவ்வளவு என்று காட்ட வெளியே ஒரு முள் இருக்கும். மூட்டைகள் காய்ந்து வெளியே வர வேண்டும். ஈரமாக வந்தால் கிருமி சாகவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்பதை மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கும் நோட்டில், இங்கிலீஷில், எழுத வேண்டும். அவள் ஒன்பது வருடமாகத் தன் இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் தியேட்டரில் சிஸ்டர் மூட்டையைப் பிரித்தபோது உள்ளே ஈரம். ஆபரேஷன் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போயிற்று. நல்லவேளையாக நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இவள் மெஷினை முன்கூட்டியே திறந்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உடனே மெமோ வந்தது. ஏழு நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும், பழைய மெஷின் நோட்டை இணைக்க வேண்டும், தவறினால் வேலை நீக்கம்.

அன்று சாயங்காலம் மெமோவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அவள் கடைக்கு வந்தாள். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. நடந்ததை அவள் அக்காவிடம் சொன்னது ஐந்து நிமிடம்கூட இருக்காது. மெஷினில் சூடு ஏறவில்லை, பன்னிரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சொன்னதெல்லாம் நோட்டில் தேதியோடு இருக்கிறது. அவ்வளவுதான்.

“நோட்டு இருக்கில்ல, அப்புறம் என்ன பயம்?” என்று அக்கா தைரியம் சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பினார். அவள் போன பிறகு என்னிடம் மட்டும் புலம்பினார். கொஞ்ச நாளாகவே அவள் போக்கு சரியில்லையாம். பாத்திரத்தில் கை வைக்க மாட்டேன் என்கிறாளாம். கழுவுகிற வேலை எல்லாம் தன் தலையில் விழுகிறதாம். வேலையில் ஏதோ மனக்கஷ்டம் போல என்று நானும் ஒத்து ஊதினேன்.

முதலில் மெமோவை எடுத்துப் பென்சிலால் ஐந்து இடத்தில் திருத்தினார். ‘எக்ஸ்ப்ளெயின்’ பக்கத்தில் தேவையில்லாத ‘அபௌட்’, ‘ஸ்டாஃப்’ என்பதற்கு வேண்டாத ஒரு பன்மை, அது இது என்று. பிறகு தம்பி மனைவிக்காக இரண்டு பக்க விளக்கம் டைப் செய்தார். படிக்கிறவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள், அப்படிப்பட்ட இங்கிலீஷ். அதையும் முடித்துவிட்டு நோட்டைப் பிரித்தார்.

அந்த நேரத்தில் எனக்குத் தலைக்கு மேல் வேலை. யாரோ ஒரு கல்லூரிக்காரருக்கு ஆறு பிரதி பைண்ட் செய்துகொண்டிருந்தேன். ஆனாலும் அக்கா ஒயிட்னரைத் தேடினபோது மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான்தான். அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. நடுவில் ஒரு தடவை அவர் தலையைத் தூக்கி, “‘டுடே’ன்னு ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா அதுக்கப்புறம் கமா வேணுமா, வேண்டாமா?” என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. காற்றிடம் கேட்டார். பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

பன்னிரண்டு நாள், இருபத்தேழு குறிப்பு. எல்லாவற்றிலும் நீலப் பேனாவும் ஒயிட்னரும். சொந்தக்காரர்கள் முறை. தேதிகளைத் தொடவில்லை, தேதியில் தப்பில்லை. வேலை முடிந்ததும் நோட்டை மூடி, பிரதி எடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “இனிமே யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்க முடியாது” என்றார்.

திங்கட்கிழமை விசாரணை. தம்பி மனைவி தனியாகத்தான் போனாள். மத்தியானம் கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அக்கா எழுந்து போய் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“நோட்டு பூரா ஒயிட்னர் இருக்குன்னாங்க அண்ணி. மாட்டிக்கிட்ட பிறகு உட்கார்ந்து மாத்தி எழுதினதாம். போர்ஜரியாம்.”

அவள் மேலே சொன்னாள். விளக்கக் கடிதத்தையும் அவள் எழுதியது இல்லை என்றுவிட்டார்களாம். யார் எழுதிக் கொடுத்தது, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள். அவள் அக்கா பெயரைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கும் சரியான பதில் இல்லை என்றால் வேலை நீக்கம்தான். ஒயிட்னரைப் பற்றிச் சும்மா விட்டாலே பெரிய விஷயம் என்று அங்கிருந்த குமாஸ்தா காதோடு சொல்லி அனுப்பினாராம்.

“ஏன் என் பேரைச் சொல்லல?” என்று அக்கா கேட்டார்.

“நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க” என்றாள் அவள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அந்த நாலு நாளும் அக்கா கடைக்கு வந்தார், டைப் அடித்தார், யாருடைய காகிதத்தையும் திருத்தவில்லை. ‘டிஸ்கஸ் அபௌட்’ என்ற தப்பு ஒன்று கண்ணுக்கு முன்னாலேயே வெளியே போனது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, காய்ச்சலா என்று கேட்டார். கேட்டவர் மேல் அக்கா எரிந்து விழுந்தார். அக்காவுக்கு அழத் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வியாழக்கிழமை பிரிண்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வெகுநேரம் மூக்கைச் சிந்தினார்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போனோம். நோட்டு எப்போது கடைக்கு வந்தது, யார் கையில் இருந்தது என்று சொல்ல நான் சாட்சி. நிர்வாகக் கட்டிடத்தில் முதல் மாடியில் நீளமான ஒரு அறை. நடுவில் நிர்வாக அதிகாரி, ஒரு பக்கம் குறிப்பெடுக்கும் குமாஸ்தா, இன்னொரு பக்கம் தியேட்டர் சிஸ்டர். ஈர மூட்டையைப் பிரித்தவரே அவர்தான். மேற்பார்வையாளர் ஜன்னலோரமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு.

அக்கா எழுந்து நின்று, நோட்டைத் திருத்தியது தான்தான் என்றார். ஏன் திருத்தினீர்கள் என்று அதிகாரி கேட்டார். இங்கிலீஷ் தப்பாக இருந்தது என்றார் அக்கா. மேற்பார்வையாளர் மட்டும் சிரித்தார்.

“சார், காது குத்துறாங்க. வேலை போற நேரத்துல யாராவது உட்கார்ந்து கமா போடுவாங்களா?”

கேள்வி நியாயமானதுதான். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். நான் எழுந்து, கமா அக்கா என்று கடையில் அவரைக் கூப்பிடுவதையும் மூன்று நிறப் பேனா முறையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. அதிகாரி குமாஸ்தாவைப் பார்த்து, எழுதிக்கொள்ள வேண்டாம் என்பதுபோல் கையை அசைத்தார்.

அப்போதுதான் தம்பி மனைவி தன் பையைத் திறந்தாள். அதிகாரி அனுப்பிய மெமோவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அசல். அதில் பென்சிலில் ஐந்து திருத்தங்கள். ஓரத்தில் அக்காவின் கையெழுத்தில், அடுத்த முறை கவனிக்கவும் என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஒரு வரிகூட இருந்தது.

அதிகாரி அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். அவர் கழுத்து சிவந்தது. தியேட்டர் சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“திருத்தினது இவங்கதான்னே வச்சுக்குவோம்” என்றார் அதிகாரி கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு. “முன்னாடி இருந்ததும் இதேதான்னு நாங்க எப்படி நம்புறது?”

“எனக்கு ஞாபகம் இருக்கு சார்” என்றார் அக்கா. “திருத்தின தப்பு எதையும் நான் மறந்ததில்லை.”

தியேட்டர் சிஸ்டருக்கு அதில் ஒரு யோசனை தோன்றியது. நோட்டை வாங்கி, ஒரு தாளின் பின்பக்கத்தை விரலால் தடவினார். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் எழுத்து. அழுத்தி எழுதியதால் பின்பக்கம் புடைப்பு அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் ஒயிட்னருக்கு அடியில் இருந்த எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறி மங்கலாகத் தெரிந்தது. சும்மா படிக்க முடியாது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் ஒத்துப் பார்க்கலாம். சிஸ்டர் தேதியைச் சொல்ல, அக்கா பழைய வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று.

முப்பத்தைந்து வருடமாகத் தன் வாயால் ஒரு தப்பான இங்கிலீஷ் சொல்லாத மனுஷி, நோட்டைப் பார்க்காமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“‘மெஷின் ஹாட் நாட் கமிங். ஐ டோல்டு ஸார்.’”

சிஸ்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த தேதி.

“‘நீடில் ஷேக்கிங் லைக் ஃபீவர் மேன்.’”

மெஷின் முள் காய்ச்சல்காரன் போல நடுங்குகிறதாம். திருத்திய நோட்டில், முள் நிலையாக இல்லை என்று மட்டும்தான் இருந்தது. குமாஸ்தா இரண்டையும் எழுதிக்கொண்டார். மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் சரியாக வந்தன. ஆறாவது நாளில் ஒரு குறிப்பை அக்கா தங்குதடையில்லாமல் சொன்னார்.

“‘ஸார் டோல்டு ரன். ஐ டோல்டு வெட். ஸார் டோல்டு ஹூ ஆர் யூ.’”

ஓட்டு என்றார், ஈரம் என்றேன், நீ யார் என்று கேட்டார். ஜன்னலோரத்தில் மேற்பார்வையாளர் மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார். அதிகாரி அவரை ஒருமுறை பார்த்தார். தன் மெமோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சிஸ்டர் அடுத்த தேதியைப் படித்தார்.

அக்கா உடனே ஆரம்பித்தார். “‘டுடே மை ஹேண்ட் பர்ன்…’”

அதோடு நின்றுவிட்டார். மறந்துவிட்டது என்று நான் நினைத்தேன். சிஸ்டரும் அப்படித்தான் நினைத்திருப்பார்; மீதி இருக்கிறதே என்றார். சிஸ்டர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, மீதியைத் தானே படித்தார். ‘நோபடி நாட் சீ.’

இன்று என் கை சுட்டுவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

‘டுடே’ என்ற சொல்லுக்குப் பிறகு கமா வேண்டுமா என்று அக்கா காற்றிடம் கேட்டது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஒரு நிமிடம் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தது இந்த வரியைப் பார்த்துத்தான். அந்த ஒரு நிமிடமும் அவர் அந்த ஒரு சொல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் காதில் கமாதான் விழுந்தது.

சூடு ஏறுகிறதா என்று பார்க்க முள்ளை நம்ப முடியாமல், அன்று அவள் கதவின் ஓரத்தில் கையை வைத்துப் பார்த்திருக்கிறாள். சிஸ்டர் கேட்டதற்கு அதைச் சொன்னாள். முதலுதவிக்கு ஏன் வரவில்லை என்றதற்கு, மெஷினை விட்டு நகரக் கூடாது என்று மேற்பார்வையாளர் சொன்னதாகச் சொன்னாள். மீதிக் குறிப்புகளையும் அக்கா ஒப்பித்தார். ஒன்று தவறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் மெதுவாகச் சொன்னார். ஒவ்வொரு வரியையும் சொல்லிவிட்டுத் தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். முதல் முறையாகப் படிக்கிறவர் மாதிரி இருந்தது.

முடிவு பத்து நாள் கழித்துக் கடிதமாக வந்தது. அவள் மேல் குற்றம் இல்லை, வேலை தொடரும், வீடும் தொடரும். மெஷினுக்குப் புது முள் வந்தது. மேற்பார்வையாளரைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே ‘ஓட்டு’ என்று சொல்ல மெஷின் எதுவும் இல்லை. கடிதத்தில் நாலு தப்பு இருந்தது. அக்கா அவற்றைப் பென்சிலால் திருத்திவிட்டுத்தான் கோப்பில் வைத்தார். மனிதர்கள் அப்படி ஒரே நாளில் மாறிவிடுவார்கள் என்று நான் யாருக்கும் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை விசாரணை முடிந்து நாங்கள் மூன்று பேரும் படியிறங்கி வந்தது எனக்கு மறக்காது. கீழே போர்ட்டிகோவில் ஸ்ட்ரெச்சர்கள் வரிசையாக நின்றன. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் ஏதோ சொல்லப் பார்த்தேன், அது எடுபடவில்லை. குழாயடிக்குப் பக்கத்தில் வந்ததும் அக்கா நின்றார். தம்பி மனைவியும் நின்றாள். முழுக்கைச் சட்டையின் பட்டன் இரண்டு மணிக்கட்டிலும் இறுக்கமாகப் போடப்பட்டிருந்தது.

ஒரே வீட்டில், தினமும் இவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள். பாத்திரத்தில் கை வைக்க மாட்டேன் என்கிறாள் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டதை அக்கா நினைத்திருப்பாரோ என்னவோ. நான் நினைத்தேன்.

அக்கா அந்தப் பட்டன்களைப் பார்த்தார்.

“எந்தக் கைம்மா?” என்று கேட்டார்.

தம்பி மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இடது கைப் பட்டனைக் கழற்றினாள்.